இரத்தக் கொழுப்பும் தலைவிதியும்

(தொழிலாளர் வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஏதாவது பேசவேண்டுமென்று தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள. இங்கு வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். மில்லுக்குப் போகிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள். ஆதலால் உங்களுக்கு அவசியமாய்த் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சங்கதியைச் சொல்லலாமென்று வந்தோம். அது நம் இரத்தத்திலுள்ள கொழுப்பைப் பற்றியதாகும். டாக்டர்கள் அதற்குக் கொலஸ்டிரால் என்று பெயர் சொல்லுகிறார்கள். நாம் டாக்டர் அல்ல. ஆனாலும் விஷயம் அறிந்தவர்கள் எண்ணிப் பார்த்தும் அளந்து பார்த்தும் எழுதி வைத்திருப்பவைகளைப் படித்து, அவைகளில் நம் அறிவுக்குச் சரியென்று பட்டதை உங்கள் முன் வைக்கிறோம். சரியா தப்பா என்று முடிவு செய்யவேண்டியது உங்கள் வேலை.

நாற்பத்தைந்து ஐம்பது வயதான ஓர் ஆள். ஒரு நாளும் நோயென்று படுத்தவரல்ல. காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. அந்தச் சாவு வீட்டில் என்ன பேசிக்கொள்ளுகிறார்கள்? "அவருக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கிறது" என்கிறார் ஒருவர். "ஊர்க் கண் பட்டுவிட்டது" என்கிறார் மற்றொருவர். "தகப்பனாரும் இப்படித்தான் போனார், அந்த வம்சமே அப்படி" என்கிறார் மூன்றாமவர். கொஞ்சம் படித்தவராயிருந்தால், "வயதானால் வரத்தானே செய்யும்" என்கிறார். இந்த நாலு பேரும் நாலு விதமாய்ப் பேசினாலும் முடிவு ஒன்றுதான். அதாவது, இதில் மனிதன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதுதான். புருஷனை இழந்த அந்த அம்மாளுக்கும், படிப்பை நிறுத்திவிட்டு நாளை வேலை தேடவேண்டிய அந்தப் பையனுக்கும் இந்த நாலு பதிலாலும் ஒரு காசுப் பிரயோஜனமாவது உண்டா?

ஆகவே, இந்த நாலு பதிலும் உண்மைதானா என்று பார்ப்போம்.

கொலஸ்டிரால் என்பது என்ன?

முதலில், அது விஷமல்ல. மெழுகு போன்ற ஒரு வஸ்து. உடம்பிலுள்ள ஒவ்வொரு அணுவின் சுவருக்கும் அது வேண்டும். பித்தநீர் உண்டாக அது வேண்டும். ஆண் பெண் தன்மைக்குரிய சுரப்புகள் உண்டாகவும் அது வேண்டும். நாம் ஒரு வேளைகூட அதைத் தின்னாவிட்டாலும், நம் ஈரலே நமக்கு வேண்டிய அளவைச் செய்து கொடுத்துவிடும். எண்ணெய் தண்ணீரில் கலவாததுபோல் இதுவும் இரத்தத்தில் தானாகக் கலவாது. ஆதலால் ஒருவிதப் பொட்டலத்தில் ஏறித்தான் இரத்தத்தில் போகவேண்டும். ஈரலிலிருந்து உடம்பெங்கும் கொண்டுபோகிற பொட்டலத்திற்கு எல்.டி.எல். என்றும், மிஞ்சியதைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுவருகிற பொட்டலத்திற்கு எச்.டி.எல். என்றும் பெயர்.

எல்.டி.எல். அளவுக்கு மிஞ்சினால் அது இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்க ஆரம்பிக்கிறது. வாய்க்காலில் வண்டல் படிவதுபோல் வருஷக்கணக்காகப் படிகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சோர்வும் இல்லை. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, இருதயத்துக்குப் போகும் குழாய் அடைபடுகிறது. அதைத்தான் மாரடைப்பு என்கிறோம். மத்தியானம் சாய்ந்த மனிதருடைய நோய் அன்று மத்தியானம் வந்ததல்ல. இருபது முப்பது வருஷத்துக்கு முன்பே வந்து, சத்தமில்லாமல் குடியிருந்தது.

இது வெறும் யூகமல்ல. 1913ல் ருஷியாவில் அனிச்கோவ் என்ற ஆராய்ச்சியாளர் முயல்களுக்குக் கொலஸ்டிராலை எண்ணெயில் கரைத்துக் கொடுத்து, அவைகளின் இரத்தக் குழாய்களில் இதே படிவு உண்டானதைக் காட்டினார். "முயல் புல் தின்னும் பிராணி, மனிதனுக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிறகு கொரியா யுத்தத்தில் இறந்துபோன 300 அமெரிக்க சிப்பாய்களின் இருதயங்களை டாக்டர்கள் அறுத்துப் பார்த்து, 1953ல் வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. எல்லோரும் பட்டாளத்தில் தேறிய கட்டுமஸ்தான வாலிபர்கள். அவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு இருதயக் குழாய்களில் நோயின் அடையாளம் ஏற்கெனவே இருந்தது! இந்த வாலிபர்களில் ஒருவனாவது தனக்கு நோய் இருப்பதாக நினைத்திருப்பானா?

"வயதானால் வரத்தானே செய்யும்"

படித்தவர் சொல்லும் பதிலை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். தொழில் பெருகிய நாடுகளில் ஆண்களுடைய கொலஸ்டிரால் இருபது வயதிலிருந்து ஐம்பது வயதுவரை ஏறிக்கொண்டே போவது உண்மை. ஆனால் ஏறுவது வயதினாலா, அந்த வயதுவரை வாழ்ந்த மாதிரியினாலா என்பதுதான் கேள்வி.

மெக்சிகோ நாட்டு மலைகளில் தாராஹுமாரா என்று ஒரு ஜனங்கள் இருக்கிறார்கள். சோளமும் அவரை வகைகளுமே அவர்களுடைய சாப்பாடு. ஓட்டத்திற்குப் பேர் போனவர்கள். அவர்களிடம் கொலஸ்டிரால் மிகக் குறைவாயிருப்பதை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். அவர்களில் 13 பேருக்கு 5 வாரகாலம் பணக்கார நாட்டுச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்ததில், கொலஸ்டிரால் நூற்றுக்கு 31 வீதம் ஏறிவிட்டது. உடம்பின் எடையும் ஏறிவிட்டது. இது 1991ல் வெளியான ஆராய்ச்சி. அந்த 5 வாரத்தில் அவர்களுக்கு வயது எவ்வளவு கூடிவிட்டது? ஒரு மாதமும் சில நாளும்தானே! அப்படியிருக்க, ஏறினது வயதினால் என்று எப்படிச் சொல்லுவது?

வேலை செய்கிற ஆண்களையே நெடுங்காலம் கவனித்த ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகருக்குப் பக்கத்தில் டெலிபோன் சாமான்கள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த நடுவயது ஆண்கள் சுமார் 1,900 பேரை, அவர்கள் நோயில்லாமல் இருக்கும்போதே, 1950களின் கடைசியில் டாக்டர்கள் பரிசோதித்தார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொருவரையும் விவரமாய்க் கேட்டு எழுதினார்கள். இரத்தத்தை அளந்தார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் அளந்தார்கள். சாப்பாடு எந்தப் பக்கம் மாறியதோ அந்தப் பக்கமே இரத்தக் கொழுப்பும் மாறியிருந்தது. பிறகு 19 வருஷம் யார் இருக்கிறார், யார் எதனால் போனார் என்று கணக்கு வைத்து 1981ல் வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் சாப்பாட்டில் கெட்ட கொழுப்பும் கொலஸ்டிராலும் அதிகமாயிருந்தவர்களே இருதய நோயால் அதிகமாக இறந்திருந்தார்கள்.

இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவிலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியக் கல்லூரியில் படித்த 1,017 வாலிபர்களுக்கு, சுமார் 22 வயதில் இரத்தத்தை அளந்து வைத்தார்கள். சுமார் 30 வருஷம் கழித்துப் பார்த்தால், வாலிபத்தில் யாருக்கு அது அதிகமாயிருந்ததோ அவர்களுக்கே நடுவயதில் இருதய நோய் அதிகமாய் வந்திருந்தது. எல்லோரும் டாக்டர்கள்! டாக்டர் என்பதற்காக நோய் அவர்களுக்குத் தள்ளுபடி கொடுக்கவில்லை.

இது லேவாதேவிக்காரனிடம் வாங்கிய கடனைப் போன்றது. கடன் சிறிதாயிருந்தாலும் முப்பது வருஷம் வட்டி ஏறினால் வீடு ஏலத்துக்கு வருகிறது. ஏலம் போட்ட அன்றைக்கு அழுது என்ன பயன்? வாங்கிய அன்றே கணக்குப் பார்த்திருக்க வேண்டாமா?

"அந்த வம்சமே அப்படி"

அடுத்தபடியாக வம்சம். இதற்கு நல்ல சாட்சி ஜப்பானியர்கள். ஒரே ஜாதி ஜனங்களான ஜப்பானிய ஆண்களில் சிலர் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களிலேயே இருந்தார்கள். வேறு சிலர் குடும்பங்கள் ஹவாய்த் தீவுக்குக் குடியேறின. இன்னும் சிலர் குடும்பங்கள் அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்கே போய்விட்டன. 1965 முதற்கொண்டு இந்த மூன்று கூட்டத்தாரையும் ஒரே மாதிரி பரிசோதித்தார்கள். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் கொலஸ்டிரால் ஜப்பானில் இருந்தவர்களுக்குச் சராசரி சுமார் 180 மில்லி கிராம். ஹவாயில் இருந்தவர்களுக்குச் சுமார் 220. கலிபோர்னியாவில் இருந்தவர்களுக்குச் சுமார் 230. இருதய நோயும் இதே வரிசையில்தான் ஏறியிருந்தது. பிறப்பு ஒன்று, வம்சம் ஒன்று, பாட்டன் பூட்டன் ஒன்று. கப்பலேறிப் போன இடத்தில் சாப்பாடும் நடமாட்டமும் மாறின. கூடவே இரத்தமும் மாறிவிட்டது. பிறப்பே எல்லாவற்றையும் நிச்சயிக்கிறது என்கிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். சில குடும்பங்களில் பிறவியிலேயே ஈரலானது எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து சரியாய் எடுக்காத ஒரு கோளாறு உண்டு. சுமார் 250 பேருக்கு ஒருவர் வீதம் இப்படிப் பிறக்கிறார்கள். இவர்கள் எவ்வளவு ஒழுங்காயிருந்தாலும் கொலஸ்டிரால் மிக அதிகமாகவே இருக்கும். மருந்து இல்லாமல் தீராது. ஆகையால் தகப்பனாருக்கோ சகோதரருக்கோ சிறு வயதில் மாரடைப்பு வந்திருந்தால், "வம்சம் அப்படி" என்று பெருமூச்சு விடுவதற்குப் பதில், அன்றைக்கே அந்த வீட்டுப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். வம்சம் என்பதைச் சும்மா இருப்பதற்குச் சாக்காக வைத்துக்கொள்ளாமல், சீக்கிரம் விழித்துக்கொள்ளுவதற்குக் காரணமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

லண்டன் பஸ்ஸில் கண்ட உண்மை

வேலையின் தன்மையும் இதில் சேருமா? சேரும். லண்டன் நகரத்தில் மாடி வைத்த பஸ்கள் ஓடுவதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். அக்காலத்தில் கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரையில் ஏறவேண்டியிருந்தது. ஜெரிமி மாரிஸ் என்ற டாக்டர், லண்டன் போக்குவரத்தில் வேலை செய்த 35 முதல் 64 வயதுவரையுள்ள சுமார் 31,000 ஆண்களின் கணக்கை எடுத்து 1953ல் வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே ஊர்; ஆனால் உட்கார்ந்திருந்த டிரைவருக்கே மாரடைப்பு அதிகம். படியேறின கண்டக்டருக்குக் குறைவு. வந்தாலும் பிந்தி வந்தது.

இதோடு அவர் ஜெயபேரிகை கொட்டிக்கொண்டு நின்றுவிட்டாரா? இல்லை. "ஒருவேளை முதலிலேயே தடித்த ஆட்கள் டிரைவர் வேலைக்கு வந்திருப்பார்களோ?" என்று தம் முடிவின்மேலேயே தாம் சந்தேகப்பட்டார். கம்பெனி கொடுத்த உடுப்பின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு, அவர்கள் வேலைக்குச் சேர்ந்தபோதே பெரிதாயிருந்தது தெரிந்தது! அதையும் மறைக்காமல் 1956ல் அவரே வெளியிட்டார். பிறகு இரத்தத்தை அளந்து பார்த்ததில் டிரைவர்களுக்குக் கொலஸ்டிராலும் இரத்த அழுத்தமும் அதிகமென்றும் கண்டார்கள். அதன்பிறகு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ விதமாய்ப் பரிசோதித்துப் பார்த்துத்தான், உடம்பை அசைத்து வாழ்வது இருதயத்துக்கு நல்லது என்பது நிலைபெற்றது. தோழர்களே! தான் சொன்னதையே சந்தேகித்துப் பார்க்கிற இந்தக் குணம்தான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. ஆயிரம் வருஷமாய்ச் சொல்லிவருகிறோம் என்பதைத் தவிர வேறு ருஜு இல்லாதவர்களிடம் இந்தக் குணத்தைக் காண முடியுமா?

"அவ்வளவுதான் எழுதியிருக்கிறது"

இனித் தலைவிதிக்கு வருவோம். கண் பட்டது என்கிற பதிலுக்கும் இதுவே பதிலாகும். 1958 முதல் ஏழு நாடுகளில் 40 முதல் 59 வயதுவரையுள்ள ஆண்கள் 12,763 பேரை ஆன்செல் கீஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பரிசோதித்து வந்தார்கள். அவர்களில் கொலஸ்டிராலும் இருதய நோயும் அதிகமாயிருந்தது பின்லாந்து தேசத்தின் கிழக்குப் பகுதியில். அங்கே இருந்தவர்கள் சோம்பேறிகளல்ல. காட்டில் மரம் வெட்டுகிறவர்கள், மாடு வளர்க்கிறவர்கள், கடும் உழைப்பாளிகள். ஆனால் ரொட்டிமேல் வெண்ணெய், பாத்திரத்தில் வெண்ணெய், கொழுத்த பால், உப்பு, இவைகளே அவர்கள் சாப்பாடு. காய்கறி அபூர்வம். ஆண்களில் பாதிப்பேர் புகை பிடித்தார்கள். ஊருக்கு ஊர் நடுவயது ஆண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் உழைப்பு மாத்திரம் மனிதனைக் காப்பாற்றிவிடாது என்பதையும் இங்கே நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்தப் பகுதிக்கு வட கரேலியா என்று பெயர். 1971ல் அந்த ஜில்லாவின் பிரதிநிதிகள் கூடி, "எங்கள் ஆண்கள் சாகிறார்கள், ஏதாவது செய்யுங்கள்" என்று சர்க்காருக்கு விண்ணப்பம் போட்டார்கள். 1972ல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் தலைமையில் வேலை ஆரம்பமாயிற்று. அவர்கள் வீட்டுக்கு வீடு போய் "வெண்ணெய் தின்னாதே" என்று உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. பெண்கள் சங்கங்களின் மூலம் புதிய சமையலைச் செய்து காட்டினார்கள். தொழிற்சாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் போடும் சாப்பாட்டை மாற்றினார்கள். இறைச்சிப் பலகாரம் செய்யும் கம்பெனிக்காரரிடம் பேசி அதில் கொழுப்பைக் குறைக்கச் செய்தார்கள். பால்மாட்டை நம்பிய குடியானவன் நஷ்டப்படாதபடி, அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் விளையும் சிறு பழங்களைப் பயிர் செய்ய உதவி செய்தார்கள். கொழுப்புக் குறைந்த பாலும், விதையிலிருந்து எடுத்த எண்ணெயும் கடைக்கு வந்தன. கிராமத்துக்குக் கிராமம் கொலஸ்டிராலைக் குறைப்பதில் போட்டி வைத்தார்கள்.

பலன் என்ன? ஆண்களின் சராசரி கொலஸ்டிரால் 1972ல் சுமார் 267 மில்லி கிராம் இருந்தது, 2007ல் சுமார் 207க்கு இறங்கிவிட்டது. 35 முதல் 64 வயதுள்ள ஆண்களில் இருதய நோயால் வரும் சாவு 25 வருஷத்தில் நூற்றுக்கு 73 வீதம் குறைந்துவிட்டது! அப்படியானால், தலையில் எழுதுகிறவன் 1972க்குப் பிறகு பின்லாந்துக்காரனுக்கு மாத்திரம் பேனாவை மாற்றிக்கொண்டானா? அல்லது அந்த ஊர்க்காரர்கள் கண் போடுவதை நிறுத்திவிட்டார்களா? இன்னும் ஒரு வேடிக்கை என்னவென்றால், 2007க்குப் பிறகு வெண்ணெய் நல்லது என்ற நாகரிகம் அங்கே மறுபடி கிளம்பிற்று. உடனே கொலஸ்டிராலும் கொஞ்சம் மேலே ஏற ஆரம்பித்துவிட்டது. எழுதுகிறவன் எவனாயிருந்தாலும், அவன் அடுப்பங்கரையைப் பார்த்துத்தான் எழுதுகிறான் என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

எதிர்வாதம்

"கொலஸ்டிரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை" என்று சொல்லுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். கம்பெனிக்காரன் லாபத்தைப் பார்ப்பான் என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. ஆகையால் அவன் பேச்சை விட்டுவிட்டு, பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாயுள்ளவர்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் கறுப்பு மக்களில் சிலருக்கு ஒரு மரபுக் கூற்றின் மாறுதலால் எல்.டி.எல். நூற்றுக்கு 28 வீதம் குறைவாயிருந்தது. 15 வருஷம் கவனித்ததில் அவர்களுக்கு இருதய நோய் நூற்றுக்கு 88 வீதம் குறைவு என்று 2006ல் கண்டார்கள். அவர்கள் எந்தக் கம்பெனி மருந்தையும் தின்று இப்படி ஆகவில்லை. வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் குறைவாயிருந்ததே இவ்வளவு பலனைக் கொடுத்தது.

மருந்தும் பொய்யல்ல. ஸ்காட்லாந்து தேசத்தின் மேற்குப் பகுதியில், மாரடைப்பு வராத, ஆனால் கொலஸ்டிரால் அதிகமாயிருந்த 45 முதல் 64 வயதுள்ள 6,595 ஆண்களில், பாதிப்பேருக்கு ஸ்டாட்டின் வகை மருந்தும் பாதிப்பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துச் சுமார் 5 வருஷம் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் மாரடைப்பும் அதனால் வரும் சாவும் நூற்றுக்கு 31 வீதம் குறைந்திருந்தது. இது 1995ல் வெளியாயிற்று. எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. வேண்டியவருக்கு டாக்டர் சொன்னால் தட்டவும் கூடாது.

நம் சங்கதி

இதெல்லாம் அந்நிய நாட்டுக் கதை, நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களைக் கணக்கெடுத்த ஓர் ஆராய்ச்சியில், நம் இந்தியா முதலிய தென்னாசிய நாட்டாருக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதிலும் மற்ற நாட்டாருக்குச் சுமார் 59 வயதிலும் வருவதாக 2007ல் கண்டார்கள். அதாவது, பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு என்று பாரம் எல்லாம் தோளில் இருக்கிற வயதில், ஆறு வருஷம் முந்தி நாம் விழுகிறோம்.

"நாங்கள் சைவம், எங்களுக்கு இது வராது" என்பார்கள் சிலர். செடி கொடியிலிருந்து வரும் எண்ணெயில் சொல்லத்தக்க கொலஸ்டிரால் கிடையாதுதான். ஆனால் நம் ஈரல் கொலஸ்டிராலை மிகுதியாய் இரத்தத்தில் தங்கவிடும்படி செய்வது, நாம் தின்னும் கொலஸ்டிராலைவிட, குளிரில் உறைகிற கெட்டிக் கொழுப்பே ஆகும். நெய்யில் அது பாதிக்கு மேல். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 80க்கு மேல். பாமாயிலில் சுமார் சரிபாதி. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அதைவிட மிகக் குறைவு. வனஸ்பதியில் இருந்த மாற்றுக் கொழுப்பு எல்லாவற்றையும்விடக் கெட்டது, எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்கக்கூடியது. 2022 முதல் நம் நாட்டில் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது நூற்றுக்கு 2க்குமேல் இருக்கக்கூடாதென்று சட்டம் வந்திருக்கிறது. எண்ணெய்ப் பொட்டலத்தின்மேல் "கொலஸ்டிரால் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அது "இந்த வாழைப்பழத்தில் எலும்பு இல்லை" என்று சொல்லி விற்பதைப் போன்றதேயாகும்! வாழைப்பழத்தில் எப்போது எலும்பு இருந்தது?

பீடி, சிகரெட் எச்.டி.எல்.லைக் குறைப்பதோடு குழாயின் சுவரையே புண்ணாக்குகிறது. நடப்பதும் உடம்பை அசைப்பதும் எச்.டி.எல்.லைக் கொஞ்சம் உயர்த்துகிறது. தொந்தி இறங்கினால் மற்றக் கொழுப்புகளும் இறங்குகின்றன. பயறு, கீரை, காய்கறி, முழுத் தானியம் இவைகளிலுள்ள நார் எல்.டி.எல்.லைக் குறைக்க உதவுகிறது. இவைகளில் ஒன்றாவது சீமையிலிருந்து வரவேண்டியதா?

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் யோக்கியமாய்ப் பேசினவர்களாக மாட்டோம். இரவு வேலைக்குப் போய்விட்டு விடியற்காலையில் வருகிறவன், கிடைத்த கடையில் பாமாயில் பரோட்டாவைத்தானே தின்ன முடியும்? பன்னிரண்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு நடக்க நேரம் ஏது? கீரையும் பயறும் வாங்கக் கூலி போதுமா? "உன் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்" என்று தொழிலாளிக்கு மாத்திரம் உபதேசம் செய்துவிட்டு, அவன் வாழ்க்கையை வகுக்கிற நேரத்தையும் கூலியையும் கேண்டீனையும் தொடாமல் விட்டால், அது பழைய தலைவிதிக்குப் புதிய பெயர் வைத்ததேயாகும். வட கரேலியாவில் தனித்தனி ஆள் மாறினதால் மாத்திரம் சாவு குறையவில்லை. கடை மாறிற்று, தொழிற்சாலைச் சாப்பாடு மாறிற்று, பயிர் மாறிற்று. ஆகவே உங்கள் சங்கம் கூலியைப்பற்றிப் பேசும்போது, கேண்டீனில் என்ன எண்ணெய், வருஷத்துக்கொரு முறை இரத்தப் பரீட்சை உண்டா, வேலைக்கு நடுவில் எழுந்து நடக்க நேரமுண்டா என்பவைகளையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

செய்யவேண்டியது

கடைசியாக, இருபது வயதான ஒவ்வொருவரும் நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது இரத்தக் கொழுப்பைப் பரீட்சை செய்து, அந்தச் சீட்டைப் பத்திரமாய் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொலஸ்டிரால் பொதுவாக 200க்குள் இருப்பது நலம். ஒரு சீட்டைவிட, பத்து வருஷத்துச் சீட்டுகளை வரிசையாய் வைத்துப் பார்த்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். ஜாதகத்தை எத்தனை பத்திரமாய்ப் பெட்டியில் வைத்திருக்கிறோம்! அதில் பாதி அக்கறையை இந்தச் சீட்டுகளுக்குக் காட்டினால் போதும். இதில் ஏறினதை இறக்க முடியும். ஜாதகத்தில் அது முடியுமா? "இரத்தத்தைச் சுத்தி செய்யும் லேகியம்" என்று விற்கிறவனிடம், "எத்தனை பேருக்குக் கொடுத்தாய், எத்தனை வருஷம் பார்த்தாய், கொடுக்காதவர்களோடு ஒத்துப் பார்த்தாயா?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லாமல் கோபித்துக்கொண்டால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

தோழர்களே! அதே மூன்று கேள்விகளை நம்மிடமும் கேளுங்கள். நாம் சொன்ன கணக்குகளையும் வருஷங்களையும் சரிபார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் கொள்ளுங்கள். ஆனால் அடுத்த முறை ஒரு சாவு வீட்டில், "அவ்வளவுதான் எழுதியிருக்கிறது" என்று யாராவது சொன்னால், சும்மா தலையை ஆட்டிவிட்டு வராதீர்கள். செத்தவருடைய மகனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நாளைக்குப் போய் உன் இரத்தத்தைப் பரீட்சை செய்துகொள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் செய்யக்கூடிய உபகாரம் அதைவிடப் பெரிது வேறொன்றில்லை.